யார் பேரைப் போடுவது

வேலை ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தபோது என் வீட்டுக்காரர் திடீரென்று காலையில் எழுந்து எனக்குக் காப்பி போட ஆரம்பித்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தவர் இல்லை. தொழிற்சாலை பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். ஐந்தரைக்கே மேசையில் காப்பி தயாராக இருக்கும், சீனி அளவாகப் போட்டு. மற்றவளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

அவர் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டு, உலு திராமில் இருக்கும் எங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். நான் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடர். ஒரே மகள், சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். வீட்டில் மிச்சமிருந்த பெரிய பணம் என்று பார்த்தால் நான் தொடாமல் வைத்திருந்த என் சேமநிதி ஒன்றுதான்.

ஒரு நாள் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் சேமநிதியில எவ்வளவு இருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா லா."

சும்மாவாம்! அறுபது வயதில் பெண்டாட்டியிடம் சும்மா கேட்கிற கேள்வியா அது? மீனைத்தான் தேவைக்கு மேல் கழுவினேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான மறுவருஷம், அவருடைய அண்ணன் பழைய லாரி ஒன்று வாங்க ஆசைப்பட்டார். என் இரண்டு வளையலும் அடகுக்கடைக்குப் போயின. லாரி ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. வளையல் வீடு திரும்பவே இல்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வரிசை வீடுவரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை, என் காசை என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த அண்ணன் இப்போது கெலாங் பாத்தாவில் ஏதோ வியாபாரம் ஆரம்பிக்கிறார் என்று காதில் விழுந்தது. அதே சமயத்தில் என் வீட்டுக்காரர் போன் அடித்தால் கேட்டுக்கு வெளியே போய்ப் பேசத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தால் குரல் இறங்கிவிடும்.

தொழிற்சாலை எனக்கு இன்னும் இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் தருவதாகச் சொன்னது. வீட்டில் வந்து சொன்னேன். உடனே, "கையெழுத்துப் போடாத. உன் முட்டி தாங்காது," என்றார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு நாள் இந்த முட்டி யாருடைய முட்டி?

கேண்டீனில் என்னோடு சாப்பிடுகிற பெண்ணிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, சோழியன் குடுமி சும்மா ஆடுமா? முதல்ல போயி உங்க பணத்தப் பாருங்க."

மறுநாளே அரை நாள் லீவு போட்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போனேன். என் கைரேகை இல்லாமல் யாரும் எடுக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும். பணம் பத்திரமாக இருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்தான் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். எனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த பேர் இன்னும் என் அம்மாவுடையது. பத்தொன்பது வயதில், முதல் வேலையில் சேர்ந்த அன்று எழுதியது. அம்மா போய் இருபது வருஷமாகிறது.

"அப்படியே விட்டா குடும்பம்தான் அலையணும், ஆன்ட்டி. இப்ப யார் பேரப் போடணும்?" என்று மலாயில் கேட்டாள். "சுவாமி?"

கணவரா என்று கேட்கிறாள். நான் யோசிக்கக்கூட இல்லை. மகள் பேர் மட்டும் என்றேன். விரலை வைத்து அழுத்தினேன். வெளியே வந்தபோது ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது.

வீட்டில் அவர் கோழிக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் எங்கே போய் வருகிறாய் என்று கேட்டதுதான் தாமதம், என் வாய் திறந்துகொண்டது.

"சேமநிதிக்குப் போயிட்டு வரேன். உங்க அண்ணனுக்கு அதுல ஒரு காசு கிடையாது, சொல்லிட்டேன்! மக பேர்ல எழுதியாச்சு!"

அவர் அடுப்பை அணைத்தார்.

"அண்ணனா? அவன்கிட்ட பேசியே எட்டு மாசம் ஆச்சு."

"அப்ப வெளிய போயி யாருகிட்ட குசுகுசுன்னு பேசுறீங்க?"

குளிர்பெட்டி மேலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே கிளினிக்கில் எடுத்த உடல் பரிசோதனைத் தாள். அடுத்த மாதத்திலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டப் போகிறாராம். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு வேன் எதுக்கு என்று நான் கத்துவேன் என்றுதான், வேன் உரிமையாளரிடம் வெளியே போய்ப் பேசினாராம்.

"வேன் சம்பளமும் உன் பணமும் சேந்தா நீ அறுபதுல வேலைய விட்டு நிக்கலாமான்னு பாத்தேன். அதான் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அகப்பையைக் கழுவிக்கொண்டே, "மக பேரு போட்டது நல்லதுதான். செத்துப்போனவங்க பேர எவ்வளவு நாளைக்கு வச்சிருக்கிறது," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத்த இறந்தப்ப அவங்க ஐ.சி. அடையாள அட்டையத் தேடச் சொன்னியே. அந்த பைல்ல உன் சேமநிதித் தாளப் பாத்தேன்."

"இருபது வருஷமாவா? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மட்டும் நம்பிடுவியா?"

இரண்டு மாதம் அவரைச் சந்தேகப்பட்டே நான் துரும்பாய்ப் போயிருந்தேன். இருபது வருஷம், இவள் நம்மை நம்பவில்லை என்று தெரிந்தே இந்த மனுஷன் என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"திங்கக்கிழமை மறுபடி போறேன். உங்க பேரையும் போடுறேன்," என்றேன்.

"பாவம் பாத்துப் போடாதம்மா. நம்பிக்கை வந்தா போடு."

காண்ட்ராக்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த மட்டில் அவர் பேச்சைக் கேட்டேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஐந்து திங்கட்கிழமை வந்து போய்விட்டது. நான் இன்னும் அந்தக் கவுண்டருக்குப் போகவில்லை.