தூர தேசத்துக்கு ஒரு பிடி

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது ஜெயமணியின் கைக்கு வந்த பழக்கம். சாயர்புரத்துப் பக்கம் வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். தூர தேசத்தில் ஊழியம் செய்கிறவர்களுக்கான பிடியரிசிக் காணிக்கை அது. சேர்ந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வீட்டில் எத்தனை பஞ்சம் வந்தாலும் அதில் கைவைத்துச் சமைத்தவள் என்று அந்த ஊரில் ஒருத்தியும் கிடையாது.

கல்யாணமாகி, மிஷன் ஊழியரான புருஷன் ஞானசிகாமணியோடு கப்பலேறி, ஹட் பே என்ற தீவுத் துறைமுகத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. சுனாமி போய்ச் சில வருடங்கள் ஆகியும் ஜனங்கள் தகர ஷெட்டுகளில்தான் இருந்தார்கள். ஞானசிகாமணி பகலில் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்துவார். அந்தத் தீவில் பிடியரிசியை வாங்கிக்கொள்ள ஆள் ஏது? ஜெயமணி அதைப்பற்றிக் கவலைப்படவே இல்லை. ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

மற்ற எல்லாவற்றுக்கும்தான் கவலைப்பட்டாள். விடாத மழை, துருப்பிடிக்கிற பாத்திரம், இந்தியில் கேட்டால்தான் திரும்பிப் பார்க்கும் கடைக்காரன். மகள் பியூலாவுக்கு மறுபடியும் மலேரியா வந்ததும் அவளுக்கு வெறுத்துவிட்டது.

"அடுத்த கப்பலுக்கு நானும் பிள்ளையும் ஊருக்குப் போறோம். திரும்பி வரமாட்டோம். ஒங்களுக்கு ஊழியம் பெருசுன்னா நீங்க இருந்துக்கிடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற மனுஷன், தன் பெண்டாட்டியிடம் தோற்றுப்போனார். துறைக்குப் போய் இரண்டு டிக்கெட் எடுத்துவந்தார். ஜெயமணி பெட்டி கட்டினாள். பிஸ்கட் தகரத்தையும் சேர்த்தே கட்டினாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த அரிசியை மறுபடி கப்பலேற்றி மெயின்லேண்டுக்கே கொண்டுபோவதில் அவளுக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. காணிக்கை கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கப்பல்தான் வரவில்லை. கடல் கொந்தளிப்பு. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போக, கடைகளில் அரிசி தீர்ந்தது, பிறகு வெங்காயம் தீர்ந்தது, கடைசியில் ஜெயமணி வீட்டுப் பானையும் காலியானது. காய்ச்சல் விட்ட பியூலா, வாய் ருசிக்கச் சோறு கேட்டு அழுதாள். ஞானசிகாமணி கட்டிவைத்திருந்த தகரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அது கர்த்தருக்குள்ளது. அந்தப் பக்கமே திரும்பாதீங்க" என்றாள் ஜெயமணி.

அன்று மத்தியானம் வேலாயி வந்தாள். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவள். கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு புருஷன் ஐயாவுவோடு ஹட் பே ஷெட்டுக்கு வந்து சேர்ந்தவள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள். ஜெபக்கூட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் பியூலாவுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். மடியில் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள்.

"ஜஹாஜ் வந்தாத்தானேம்மா சாவல் வரும். அதுவரைக்கும் புள்ளைக்கு இத அவிச்சுக் குடுங்க" என்று, கப்பலுக்கும் அரிசிக்கும் தீவில் பழகிய இந்திப் பேரையே சொன்னவள், கட்டுகளைப் பார்த்தாள். "அந்த டின்னுல என்னம்மா?"

"காணிக்கை அரிசி."

"ஆருக்கு?"

"ஊழியக்காரங்களுக்கு. ஊரு, சொந்தம் எல்லாத்தையும் விட்டுட்டு, தூர தேசத்துல போயிக் கஷ்டப்படுதவங்களுக்கு."

வேலாயி உச்சுக்கொட்டினாள். "பாவம். எங்க இருக்காங்களோ, சாப்புட்டாங்களோ என்னமோ."

கேலியாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். "எங்களுக்கும் அப்பிடித்தாம்மா. அல அடிச்ச பொறகு கேம்புல ஆரோ அனுப்புன சாவலத்தான் சாப்புட்டோம். ஆருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நல்லா இருக்கட்டும்."

ஜெயமணிக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியபோது வேலாயி பயந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில் சாயர்புரத்தில் எத்தனை அடுப்படியில் எத்தனை பெண்கள் ஒரு பிடி ஒதுக்கியிருப்பார்கள்! கோயிலில் கொட்டிய அந்த அரிசி பணமாகித்தானே அவள் புருஷனுக்குச் சம்பளமாக வந்தது. தனக்கு ஒருவரும் இல்லை என்று இந்தத் தீவில் அவள் அழுத நாளெல்லாம் அவள் சாப்பிட்டது அந்தக் கைகள் கொடுத்த சோறுதான். பேர் தெரியாத அத்தனை பேரும் அவளை மறக்காமல் இருந்திருக்கிறார்கள். அவள்தான், தூர தேசத்து ஊழியக்காரர் என்றால் வேறு யாரோ என்று இருந்துவிட்டாள்.

கட்டை அவிழ்த்தாள். அடியில் இருந்த அரிசியில் வண்டு விழுந்திருந்தது. இரண்டு பேருமாகப் புடைத்தார்கள். ஐயாவு கருவாடு கொண்டுவந்தார். ரெண்டு வீட்டுக்கும் ஒரே உலை. சாப்பிடும் முன் வழக்கமாக ஜெபிக்கிற ஞானசிகாமணியை ஜெயமணி கையமர்த்தினாள்.

"ஆண்டவரே, சோத்துக்கு ஸ்தோத்திரம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுக்கு ஸ்தோத்திரம். மழைத் தண்ணிக்கு, கருவாட்டுக்கு, வேலாயிக்கு ஸ்தோத்திரம். எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு, மன்னியும்."

வேலாயி தன் பேர் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பியூலா மூன்றாம் தடவை சோறு கேட்டாள்.

மறுநாள் காலை துறையில் கப்பல் ஊதியது. ஞானசிகாமணி முகம் செத்துப்போய்ப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அத எங்க தூக்கிட்டுப் போறீங்க? இறக்கி வைங்க" என்றாள் ஜெயமணி, அடுப்பை ஊதியபடி. "டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு, வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க. வேலாயி வீட்டுக்கும் சேத்து."