பனியன் துணிக் கவுனும் மதுராந்தகத்து மிஷினும்

துணி அசையாமல் இருக்க வேண்டும், ஊசி அசைய வேண்டும், தையல் தொழில் அவ்வளவுதான் என்பார்கள். என் வீட்டில் முதலில் அசைந்தது துணி.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். வாரத்தில் ஒரு பீரியட் தையல் வகுப்பு உண்டு. கைக்குட்டையில் ரோஜாப்பூ போடுவதோடு அது முடிந்துவிடும். கைக்குட்டையை யாரும் தலை வழியாக மாட்டிக்கொள்வதில்லை என்பதால் எனக்கு அப்போது நல்ல பேர் இருந்தது. அந்த தைரியத்தில்தான், கல்யாணமாகிச் சதுரங்கப்பட்டினம் வந்து ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, மதுராந்தகத்து நாத்தனார் வீட்டில் மூடி திறக்காமல் கிடந்த கை மிஷினைக் கேட்டு வாங்கி வந்தேன்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி சும்மா கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, மிஷினை என் மடியில் வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "தோ பாரு சரசு. ஒரு வாட்டி உன்கிட்ட தைக்கக் குடுக்கிறது முகதாட்சணியத்துக்கு. ரெண்டாவது வாட்டி கேட்டுக்கினு வந்தாதான் அது தையல். எவளாச்சும் ஒருத்தி ரெண்டாவது கவுனு கேட்டு வந்தாள்னா மிஷினு உனக்கே. இல்லாங்காட்டி ஆவணியில வந்து எடுத்துக்கினு போயிடுவேன்."

அடுப்பும் குழந்தையும் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. எனக்கே எனக்கு என்று தோன்றிய ஒரே பொருள் அந்த மிஷின். அது போய்விடக் கூடாதே என்ற பயத்தில் நடந்த கூத்துகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் தைக்கிற சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

குழாய்க்குள் குழந்தை

பனியன் துணியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கடையில் அதை ராத்தல் கணக்கில் நிறுத்து விற்றார்கள். கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. கடற்கரைப் புழுக்கத்துக்குக் குழந்தைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அதோடு, அது குழாய் மாதிரி உருளையாகவே வருகிறது. பக்கத் தையலே வேண்டாம். மேலே தோளை மூட்டிக் கழுத்தை வெட்டினால் கவுன் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

முதல் கவுன் என் மூன்று வயது மகள் குஞ்சுவுக்கு. கழுத்தில் பட்டி வைத்து, பிரியக் கூடாது என்று நெருக்கு நெருக்கென்று இரண்டு வரி ஓட்டினேன். துணிதான் இழுத்தால் வருமே, தலை தானாகப் போகும் என்று நினைத்தேன். துணி வந்தது. நூல் வரவில்லை. குஞ்சுவின் தலை கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவளுக்கு அது விளையாட்டாகிவிட, துணிக்குள்ளேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியாரான என் வீட்டுக்காரர், தலையில்லாமல் ஒரு கவுன் தூணில் முட்டிக்கொள்வதைப் பார்த்தார். குனிந்து அதைத் தூக்கினார். உள்ளே இருந்த தலை ஒரு முட்டு முட்ட, தையல் பட் பட்டென்று அறுந்து முகம் வெளியே வந்தது.

"சரசு, மொதல்ல தலை போற வழியை வை. கழுத்தழகை அப்புறம் பாத்துக்கலாம்."

பஃப் கை

குஞ்சுவின் கவுனை எப்படியோ சரிசெய்த பிறகு, ஓர் அட்டையில் படம் போட்டு எழுதிக் கதவில் மாட்டினேன். கழுத்து மூன்று விதம்: வட்டம், சதுரம், காலர். கை மூன்று விதம்: அரைக்கை, முழுக்கை, பஃப். இடுப்புக்குக் கீழே சுருக்கு வைத்தது, மடிப்பு வைத்தது, ஒன்றுமே இல்லாமல் நேராக விட்டது. எதை எதோடு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே காகித அளவை வைத்துக்கொண்டு இத்தனை விதமா என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

தபாலாபீஸ் மாமி வந்து அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுப் பெண்ணுக்கு பஃப் கை கேட்டாள். பனியன் துணியில் பஃப் நிற்காது என்று வெட்டித் தைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு தோளிலும் காலிச் சுருக்குப் பை மாதிரி தொங்கிற்று. நான் விடுவேனா. சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாக வடித்துக் கை இரண்டையும் அதில் முக்கி, உள்ளே காகிதத்தைத் திணித்துக் காயவைத்தேன். அப்படியே பூசணிப் பிஞ்சு மாதிரி நின்றது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். தெருவில் போன ஆடு ஒன்று கஞ்சி வாசனைக்கு வந்து இடது கையை மென்றுவிட்டது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது பஃப் மட்டும் கம்பீரமாக நின்றது. மாமி கோபப்படவே இல்லை. கவுனை மடித்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏண்டிம்மா, நான் பஃப் கைதானே கேட்டேன். ஆட்டுக்குத் தீனி கேக்கலையே."

வளர்ந்த கவுன்

எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைக்குத் துணி தைத்தால் அடியில் இரண்டு டக்கு பிடித்து வைப்பது வழக்கம். குழந்தை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் கவுன் இரண்டு வருஷம் வரும். மீன் விற்கிற அஞ்சலை தன் மகளுக்கு முட்டிவரை வருகிற கவுன் கேட்டாள். "டக்கு வெச்சுக் குடும்மா, வளர்ற புள்ள" என்றாள். வைத்துக் கொடுத்தேன்.

பனியன் துணியைத் துவைத்து ஈரத்தோடு தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அஞ்சலை கவுனைக் கொடியில் போட்டுவிட்டு மீன் விற்கப் போயிருக்கிறாள். நாள் முழுக்கக் கடல்காற்று அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் முட்டிவரை இருந்தது கணுக்காலைத் தொட்டது. டக்கு இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அஞ்சலை கூடையோடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைப் பார்த்ததும் நான் அடுக்களையில் போய் ஒளிந்துகொண்டேன். குஞ்சுதான் "அம்மா கதவு பின்னால இருக்கு" என்று காட்டிக்கொடுத்தாள். தலைகுனிந்து வெளியே வந்தேன். அஞ்சலை முகம் மலர்ந்திருந்தது.

"இன்னாத்துக்கும்மா ஒளியறே? புள்ள வளர்றதுக்கு மின்னாடியே கவுனு வளர்ந்துகினு கீது. கல்யாணம் வரைக்கும் இது ஒண்ணே போதும், இனிமே நான் உன் வூட்டுப் பக்கமே வரத் தேவையில்ல."

ஊரிலேயே திருப்திப்பட்ட ஒரே ஆள் அவள்தான். அந்தத் திருப்தியால்தான் எனக்கு இரண்டாவது கவுன் போயிற்று.

அளவுச் சட்டை

குழந்தைகளை டேப் வைத்து அளந்தால் வளர மாட்டார்கள் என்று இங்கே பலருக்கு ஒரு பயம். அதனால் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பஸ் கண்டக்டர் மனைவி மேரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போக மகளுக்கு ஒரு கவுன் கேட்டாள். அளவுக்குத் தன் வீட்டில் நல்லதாக எதுவும் இல்லை என்று, அதே வயதுப் பெண் இருக்கிற பக்கத்து வீட்டில் ஒரு கவுன் இரவல் வாங்கி அனுப்பியிருந்தாள்.

பக்கத்து வீடு அஞ்சலை வீடு. தான் தைத்த கவுன் தனக்கே அடையாளம் தெரியாமல் போகுமா என்று கேட்காதீர்கள். போகும். நான் தைத்தபோது அது சிவப்பு, முட்டிவரை. இப்போது அது வெளிறிய ரோஜா நிறம், கணுக்கால்வரை. பெண் நல்ல உயரம்போல என்று நினைத்து அதன்மேலேயே காகிதத்தை வைத்து அளவெடுத்தேன். போதாததற்கு அதிலும் இரண்டு டக்கு. நான் தைத்துக் கொடுத்ததை மேரி ஒரு தடவை அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தை கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனாளாம். திரும்பும்போது அசதியில் கையை விட்டுவிட, வாசலிலிருந்து தெருமுனைவரை மணலைப் பெருக்கிக்கொண்டே வந்தாளாம். மறுநாள் மேரி என்னைக் கிணற்றடியில் பார்த்தாள்.

"பாதர் போட்டிருந்த அங்கிகூட இதைவிடக் குட்டைதாங்க்கா."

கடைக்காரரின் அபிப்பிராயம்

ஆடி பிறந்துவிட்டது. இரண்டாவது கவுன் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. இப்போதெல்லாம் முதல் கவுன் கேட்டே யாரும் வருவதில்லை. தெருவில் பெண்கள் என்னைப் பார்த்ததும் தங்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். மிஷினுக்கு எண்ணெய் வாங்க, ஊரிலேயே தையல் கடை வைத்திருக்கிற காசிம் பாயிடம் போனேன். பனியன் துணியை நீங்கள் எப்படித் தைக்கிறீர்கள் என்று நைசாகக் கேட்டேன். பாய் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"நான் அதைத் தொடறதே இல்லம்மா. தொடாததாலதான் இந்த ஊர்ல எனக்கு இன்னும் கடை இருக்கு."

கோணல் தையல்

மிச்சமிருக்கிற நாட்களில் குஞ்சுவின் கவுனையாவது உருப்படியாக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான் நேராகத் தைத்த இடமெல்லாம் அறுந்திருந்தது. குஞ்சு என் முழங்கையில் வந்து இடித்ததில் பாம்பு மாதிரி நெளிந்து போன ஒரு சாண் தையல் மட்டும் அப்படியே இருந்தது. இழுத்துப் பார்த்தேன். துணியோடு நூலும் வந்தது. ஆக, இத்தனை நாளும் நான் ஒழுங்காகத் தைத்ததுதான் தப்பு.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. குஞ்சுவுக்குப் புதுக் கவுனே தைத்துவிடுவது என்று, வெட்டுவதற்கு முன்பே புதுத் துணியை நனைத்துப் பிழிந்து பாயில் விரித்துக் காயவைத்தேன். மிஷினில் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியை இப்படியும் அப்படியும் ஆட்டி நெளி நெளியாக ஓட்டினேன். சதுரக் கழுத்து, அரைக்கை, கீழே நேர். போட்டுப் பார்த்தால் தலை தடுக்காமல் போயிற்று. இரண்டு தடவை துவைத்தும் கவுன் முட்டியிலேயே நின்றது. வீட்டுக்காரர் குஞ்சுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா வெளியில போய் நீ தைச்சதுன்னு சொல்லாதே, நம்ப மாட்டாங்க."

ஆவணி

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் அண்ணி வந்து இறங்கினார். ஒரு கையில் மிஷினைக் கட்ட சாக்கும் கயிறும், இன்னொரு கையில் நான்கு வயதுப் பேத்தி லட்சுமி. திருக்கழுக்குன்றம் தாண்டியதிலிருந்து அந்தக் குழந்தை பஸ்ஸில் வாந்தி. போட்டிருந்த பாவாடையும் போயிற்று, மாற்றுப் பாவாடையும் போயிற்று. நான் குளிப்பாட்டி, வேறு வழியில்லாமல் குஞ்சுவின் புதுக் கவுனை மாட்டிவிட்டேன். அண்ணி சாப்பிட்டுவிட்டு, "எவளாச்சும் வந்தாளா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சாக்கை விரித்து மிஷினை அதன்மேல் தூக்கி வைத்தார். கயிறு கட்ட நானே பிடித்துக்கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்ததால் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் தங்கினார்கள். லட்சுமி அந்தக் கவுனோடு அலையில் நனைந்தாள், அதோடேயே மணலில் புரண்டாள், துவைத்துக் காய்கிறவரை கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். கிளம்புகிற அன்று அண்ணி பட்டுப்பாவாடையை எடுத்தார். குழந்தை கவுனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். "குத்துது ஆயா, அது குத்துது" என்று ஒரே அழுகை. அண்ணி குனிந்து கவுனை அவிழ்க்க இழுத்தார். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து, விட்டதும் பழையபடி போய் நின்றது. அண்ணி தையலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். பட்டுப்பாவாடையை மடித்துப் பையில் வைத்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு தைச்சு வை. மாத்துக்கு வேணும். கை மட்டும் முழுசா இருக்கட்டும், மார்கழிக்கு ஆவும்" என்றார்.

"அண்ணி, இது ரெண்டாவது கவுனு" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கு மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மொதல் கவுனு நான் எங்க கேட்டேன், நீயா மாட்டிவிட்டே. கேக்கிறதுன்னு பாத்தா இதான் மொதல்ல. ரெண்டாவது கேக்கிற வரைக்கும் மிஷினு இங்கியே கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு லட்சுமிக்கு ஐந்து கவுன் தைத்துவிட்டேன், ஒவ்வொன்றையும் அண்ணி முதல் கவுன் என்று சொல்லித்தான் கேட்கிறார், எண்ணத் தெரியாத நாத்தனார் எல்லோருக்கும் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நானும் மிஷினின் மூடியைத் திறக்கிறேன்.