செபத்துக்கு முன்னால்

மாதா கோயிலில் இன்று அணைந்த மெழுகுவர்த்தியின் புகை வாசம், மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் ஒரு காலத்தில் இருந்த, இப்போது தடமே இல்லாமல் போய்விட்ட எங்கள் ஓலை வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே பொழுது சாய்ந்ததும் எல்லோரும் சேர்ந்து செபமாலை சொல்வோம்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், திடீர் மழையில் வாரிக் குவித்த உப்பெல்லாம் கரைந்துபோக, அந்த ஆத்திரத்தை அப்பா அம்மாவின் மேல் கொட்டினார். அன்று நாங்கள் செபத்துக்கு முட்டி போட்டபோது அவர் மட்டும் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, பிள்ளைகள் எங்கள் எதிரிலேயே, "ஸ்டெல்லா, உன்ன அப்டி பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு" என்றார்.

"சரி, முட்டி போடுங்க. புள்ளைங்க தூங்கி வழியுதுங்க" என்றாள் அம்மா.

எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று நம்பியே வளர்ந்தேன். எனக்கு வாய்த்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று வேறு வீடுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.