அக்காவின் வேனும் அம்மா கொடுத்த ஓராண்டும்

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அவருடைய நீல வேனில் ஒரு முறையாவது ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்களும் சுங்கை சிப்புட் சாலையில் விடியும் முன்னே அதைப் பார்த்திருப்பீர்கள்.

இறுதிச் சடங்கன்று உறவினர் சிலர் அம்மாவிடம் ஆதங்கத்தோடு கேட்டார்கள்: "தோட்டத்துலயே இருந்திருந்தா புள்ள இப்படி ஓடி ஓடித் தேஞ்சிருக்காதே?" அன்பினால் கேட்டதுதான். அக்காவின் சிறுநீரக நோய்க்கும் அவர் செய்த தொழிலுக்கும் தொடர்பில்லை, எங்கிருந்தாலும் வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இருந்தாலும் அக்கா தோட்டத்தை ஏன் விட்டார், எப்படி விட்டார் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா காலமானபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அம்மாவுக்கு இரைப்பு நோய். குடும்பத்தில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் தோட்ட வீடு நிலைக்கும். அக்கா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை எடுத்தார். வீடு நிலைத்தது, நான் படித்தேன்.

அக்காவுக்கு வண்டி என்றால் ஆசை. வெட்டிய பாலை எடைபோட்டுக் கொடுத்து முடித்த மத்தியான வேளைகளில், தோட்டத்துப் பால் லோரி ஓட்டிய சீன அங்கிளிடம் கெஞ்சிக் கற்றுக்கொண்டார். முதல் நாளே லோரியைச் செம்பருத்தி வேலிக்குள் விட்டார். "அமோய், ரோடு அந்தப் பக்கம் லா!" என்று, சீனர்கள் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் பாணியில் அங்கிள் கத்தியதைத் தோட்டத்துப் பிள்ளைகள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை தேர்வில் லைசென் கிடைத்தது.

அப்போதுதான் ஈப்போ தொழிற்சாலைகளுக்கு நம் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். இரவு வேலை முடிந்து தெரியாத ஆண்களின் வண்டியில் மகள் வருவதற்குப் பெற்றோர் பயந்தார்கள். ஒரு பெண் வேன் ஓட்டினால் அனுப்புவார்கள் என்று அக்கா கணக்குப் போட்டார். பழைய வேன் ஒன்றும் தவணைக்குக் கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் வேன் கிளம்ப வேண்டிய நேரமும் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பெயர் கொடுக்கும் நேரமும் ஒன்றே. வேனை எடுத்தால் வேலைப் பதிவு போகும், பதிவு போனால் வீடு போகும்.

அக்கா வீட்டில் இதைச் சொன்ன அன்று சித்தப்பா தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்திருந்தார். அங்கே மனநல மருத்துவமனையில் ஊழியர், பென்ஷன் உள்ள அரசாங்க வேலை.

"எங்க வார்டுல ஒரு கட்டில் காலியா இருக்கு. வந்து படுத்துக்கிறியா? வீட்ட வுட்டுட்டு வேன் ஓட்டுறாளாம்! பொம்பள ஓட்டுற வேன்ல எவன் ஏறுவான்?"

"பொம்பளங்க ஏறுவாங்க சித்தப்பா. நீங்க ஏற வேணாம்லா."

"சிரிக்காதே. வேன் ஓடலன்னா உங்கம்மா எங்க போவாங்க? அண்ணி, நீங்களே சொல்லுங்க."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய், மூலையில் கிடந்த தம் பழைய பூட்ஸைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு ஆபீஸ் கிராணிகிட்ட எம்பேரக் கொடுக்கிறேன். வெளிக்காட்டு வேலைக்கு."

"உனக்கு இரைப்பும்மா!" என்றார் அக்கா.

"புல்லு வெட்ட ஓடவா போறேன்? மெதுவா வெட்டுறேன். வேல வாங்குற மண்டோர் ஏசினா ஏசட்டும். ஒரு வருஷம் தாரேன். நீ வேன ஓட்டிப் பாரு, வீட்ட நான் புடிச்சிக்கிறேன். ஓடலன்னா திரும்பி வந்து கத்திய எடு."

அந்த ஓராண்டும் அம்மா புல் வெட்டினார். மழை நாள்களில் மூச்சு வாங்கத் திரும்பி வருவார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைத் தட்டிப் பார்ப்பார். "அம்மாவப் பாத்தா வேன வித்துடுவேன்னு பயம்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்தப் பயத்தினாலோ என்னவோ, வேன் விஷயத்தில் அக்கா மிகக் கண்டிப்பாக இருந்தார். இருக்கைக்கு மேல் ஓர் ஆளை ஏற்றமாட்டார். தீபாவளிப் புடவைக்கு முன் டயர். உள்ளே கிடந்த உபரி டயரை எடுத்துவிட்டால் இன்னும் இருவர் உட்காரலாம் என்று சித்தப்பா சொன்னபோது, "அது என் பென்ஷன் சித்தப்பா" என்றார். சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

அந்த ஆண்டு முடிந்ததும், வேன் நன்றாக ஓடியதால், ஈப்போ புந்தோங்கில் வாடகைக்குக் குடிபோனோம். எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலைகள் ஆள் குறைத்தபோது வேன் பாதி காலியாக ஓடியது. அக்கா பகலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சமாளித்தார். அந்தக் காலத்திலும் என் தொழில்நுட்பப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் பெண்களை இறக்கிவிட்ட அதே தொழிற்சாலையில் இன்று நான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன்.

மருத்துவமனையில் கடைசி வாரமும் அக்காவுக்கு வேன் நினைப்புதான். நான் உள்ளே நுழைந்ததும், "ஆயில் பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அல்லும் பகலும் கவனித்த தாதியர், இறுதிக் காரியங்களை முன்நின்று நடத்திய சித்தப்பா, சமையலை ஏற்றுக்கொண்ட புந்தோங் அண்டை வீட்டார், வேலைக்கு விடுப்பெடுத்து வந்து நின்ற வேன் பெண்கள், ஓய்வுபெற்ற பிறகும் இந்த ஓராண்டு வேனை ஓட்டித் தந்த பால் லோரி அங்கிள். அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

வேனை வாங்கிக்கொள்ள முன்வந்தவர்களுக்கும் நன்றி. அங்கிளுக்குக் கண் மங்கிவிட்டதால் விற்றுவிடலாம் என்றுதான் சித்தப்பாவும் சொன்னார். சென்ற மாதம் எனக்கு லைசென் கிடைத்தது. வேனை நானே ஓட்டி, பெண்களோடு நானும் தொழிற்சாலையில் இறங்கி என் வேலையைப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா அக்காவின் படத்தைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் ஓட்டிப் பாரு," என்றார்.

ஆகவே வேன் விற்பதற்கில்லை. திங்கட்கிழமை முதல் வழக்கமான நேரத்தில், வழக்கமான இடங்களில் நிற்கும். உபரி டயரும் உள்ளேயே இருக்கும்.