வெள்ளையாய் வந்த வானம்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சலவைக்கடை மாடியில் படம் எடுக்க முதலாளியின் அனுமதி. கீறல் விழுந்த பழைய ஃபோனில் எடுத்த படத்துக்கு நூலகக் கூடத்துச் சுவரில் ஓர் இடம். "மேகத்தைப் படம் புடிச்சு யாருக்குடி காட்டப் போறே?" என்று புலம்பிக்கொண்டிருந்த அம்மாவின் மௌனம். மூன்றும் சும்மா கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே பல தடவை பொறுமை போய்விட்டது.

அவளுக்கு மொட்டை மாடியில் வேலை. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு மேலே கொண்டுபோய், உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்ட வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். எந்நேரமும் மேலே பார்ப்பதால் கடையில் அவளுக்கு 'அண்ணாந்தா' என்று பட்டப்பெயர். மேகம் நல்ல வடிவத்துக்கு வரும்போதுதான் அவளுடைய இரண்டு கையிலும் துணி இருக்கும். ஈரக்கை பட்டால் ஃபோன் திரை அசையாது. கையைத் துடைப்பதற்குள் மேகம் கலைந்திருக்கும். "இன்னிக்கும் போச்சுக்கா" என்றபடியேதான் வீட்டுக்குள் வருவாள்.

ஒருமுறை நன்றாக வந்த படத்தைச் செய்தித்தாளுக்கு அனுப்பினாள். 'வாசகர் படம்' என்று போட்டார்கள். எந்த வாசகர் என்று போடவில்லை. அன்றிலிருந்து, தன் பெயரோடு ஒரு படமாவது நாலு பேர் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் வானப் படங்களுக்குக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தார்கள்.

கடைசித் தேதிக்கு முந்தைய நாள் மதியம், மேகப் பரப்பின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை விழுந்து, அதிலிருந்து இறகு போல ஒன்று தொங்கியது. தங்கை தான் பிடித்திருந்த விரிப்பு முனையை அப்படியே விட்டுவிட்டு ஃபோனை எடுத்துப் படம் பிடித்துவிட்டாள். விரிப்பு தரையில் புரண்டது. முதலாளி மேலே வந்து பார்த்தார்.

"மேகம் வந்து இதைத் துவைக்குமா?"

"நானே துவைக்கிறேன் சார்."

"துவை. இனிமே படம் எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடு. எதிர்ல புடிக்கிறவளாவது உஷாரா இருப்பா."

அந்தத் திட்டுதான் அனுமதி.

மறுநாள் அந்தப் படத்தைப் பிரதி போட அவள் ஸ்டூடியோவுக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் காலையிலிருந்து இரவு வரை பாஸ்போர்ட் படம் எடுப்பவர். அவர் நீட்டிய பிரதியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, கொடிக்கயிறு இருந்தது, மேலே முழுக்க வெள்ளை.

"வானம் எங்கண்ணே?"

"பின்னாடி ஒரே அழுக்கும்மா. எடுத்துட்டேன்."

"அது அழுக்கில்ல, மேகம்."

"வெள்ளையா இல்லாட்டி பாஸ்போர்ட்டுக்கு வாங்க மாட்டாங்க."

"மேகத்துக்கு எதுக்குண்ணே பாஸ்போர்ட்டு?"

"ஏன், அது மட்டும் இங்கேயே கெடக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. நூலகம் சாத்துகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பிரதியில் வானம் பளீரென்று நீலமாக இருந்தது. பஞ்சுபஞ்சாக யாருடைய மேகங்களோ மிதந்தன.

"உன்னுது மங்கலா இருந்துச்சு. நல்ல மேகமா பாத்துப் போட்டிருக்கேன்" என்றார். உண்மையிலேயே உதவி செய்ததாகத்தான் நினைத்தார். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

தங்கை அதை நாலாகக் கிழித்தாள். "அண்ணே, நீங்க எதையும் தொடாதீங்க. இருக்கறது இருக்கற மாதிரியே எடுத்துக் குடுங்க."

"அப்படிக் குடுத்தா என் கடைப் பேரு கெட்டுடும்மா."

"கெடட்டும்."

சாம்பல் நிறத்தில், சற்று மங்கலாக, ஓட்டையும் இறகுமாக அவள் பார்த்த வானம் வெளியே வந்தது. ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் குத்தும் ரப்பர் முத்திரையை எடுத்தார், படத்தைப் பார்த்தார், மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதுக்கு நான் குத்த மாட்டேன். யாரு செஞ்ச வேலைன்னு கேட்டா என்னைக் காட்டாதே."

"யாரைக் காட்டறது?"

"எடுத்தவங்கள காட்டு."

அவள் கையைத் தாவணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். முத்திரை விழ வேண்டிய வெள்ளை ஓரத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். ஒரு படத்தில் அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல்முறை: 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.