மேல் வீட்டுப் பொம்மர்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பேஸ்மென்டில் நானும் மனைவியும் சின்ன மகளும் வாடகைக்கு இருந்தோம். அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. மடியில் கனமில்லாதவனுக்கும் வழியில் பயம் வருகிற காலம் அது. கிழவர் எங்கள் வாசலிலும் சேர்த்துப் பனி அள்ளினார். எதற்காக அள்ளுகிறார் என்று யோசித்தேன். ஆப்பிள் பை சுட்டுத் தந்தார். நான் தின்று பார்த்த பிறகே பிள்ளைக்குக் கொடுத்தேன்.

பிறகு கேள்விகள் தொடங்கின. உங்கள் ஊர் வீடுகளுக்கு என்ன கூரை? விமானச் சத்தம் எவ்வளவு தூரத்தில் வரும்போது கேட்கும்? பதுங்குகுழிக்குள் இறங்க நேரம் கிடைக்குமா? மனுசன் இமிகிரேஷனுக்கு உளவு பார்க்கிறார் என்று முடிவுகட்டி, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் விளங்காதவன்போல் தலையாட்டினேன்.

ஒருநாள், குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல மேலே போன மனைவி முகம் வெளிறி இறங்கி வந்தாள். சுவரில் ஒரு படமாம். நாலு எஞ்சின் விமானத்துக்கு முன்னால் தோளில் கைபோட்டபடி இளம் பொடியன்கள், நடுவில் கிழவர். உலகப்போரில் பசிபிக் தீவுகள்மேல் குண்டு போட்ட விமானமாம். அதன் மூக்கில் குப்புறப் படுத்து, கண்ணாடியால் கீழே பார்த்துக் குறிவைப்பது அவருடைய வேலையாம்.

"இஞ்சேருங்கோ, உவர் பொம்மரிலை வந்தவர். உவற்றை காலடியிலை பிள்ளையை நித்திரையாக்க என்னாலை ஏலாது."

யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் விமானத்துக்குப் பொம்மர் என்றுதான் பெயர். அவளுடைய தங்கை பங்கருக்குள் இறங்குமுன் பொம்மர் அடித்துச் செத்தவள். அது ஜப்பான்காரனோடு நடந்த சண்டை, எங்களோடு இல்லை என்று நான் வாதாடினேன். இந்தக் குளிருக்குள் வேறு வீடு எங்கே தேடுவது? ஆனாலும் மனுசன் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் எனக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிழவர் குழாய் திருத்த வந்தார். திருத்திக்கொண்டே மறுபடி கூரையைப் பற்றிக் கேட்டார். மனைவி தன் அரைகுறை இங்கிலீஷில், மேலிருந்து பார்க்கும்போது வீடுகள் தெரிந்ததா என்று திருப்பிக் கேட்டாள். அங்கே எதிரி முகாம் மட்டும்தான் என்று மேலதிகாரிகள் சொல்லி அனுப்பினார்களாம். எங்கள் நாட்டு ரேடியோவும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னது. அவள் விடாமல் இன்னொருமுறை கேட்டாள். கிழவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

"தெரிந்தது," என்றார். "ஓலைக் கூரைகள். தாழப் பறந்த நாட்களில் ஆட்கள் ஓடுவதும் தெரிந்தது."

அத்தனை மாதத்தில் அன்றுதான் அவரை முழுதாக நம்பினேன். பனி விடுமுன்பே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றுக்கு மாறிவிட்டோம். சந்தேகப்பட்டுக்கொண்டு அவருக்குக் கீழே குடியிருக்க என்னால் முடிந்தது. நம்பிய பிறகு முடியவில்லை.