லோக்கல் பட்டன்

சாகு

“சாகு, சாகு!” என்று தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்து அதன் ஆபரேட்டர் நாகராஜண்ணன் கத்தினார். தொடுதிரையிலிருந்து விரலை எடுத்தேன். மேலிருந்து இறங்கிய இரும்பு பாதியில் நின்றது. எங்கள் தொழிலில், நாம் எழுதும் பட்டனின் மறுமுனையில் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. தொடுதிரைக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் உங்களுக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும்.

அவர் ஜூஜுவாடிக்காரர், வீட்டில் கன்னடம். விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்த என் காதில் அந்தச் சொல் சாவாகவே விழுந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“போதும்னு சொன்னேன் சார். உங்க ஊர்ல இதைச் சொன்னா செத்துடுவாங்களா?”

லோக்கல்

விரலை வைத்திருக்கும்வரை இரும்பு இறங்க வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். அப்படியொரு பட்டன் மென்பொருளோடு வருவதில்லை, நாங்களே எழுதினோம். அதற்கும் பெயர் ‘பட்டன்’, கூடவே வரும் சாதாரணப் பட்டனுக்கும் பெயர் ‘பட்டன்’. எங்களுடையது எது என்று தெரிய, நிரலில் அதன் பெயருக்கு முன்னால் ‘லோக்கல்’ என்று ஒட்டியிருந்தோம். தொழிலில் எல்லாரும் ஒட்டுவதுதான்.

நான் விடுப்பில் இருந்த நாளில், மேனேஜர் குணசேகரன் என்னோடு வேலை பார்க்கும் தினேஷின் தோளுக்குமேல் அவன் கணினியை எட்டிப் பார்த்திருக்கிறார். பக்கம் முழுக்க லோக்கல். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரவிருந்த வாரம் அது.

“அவங்க பாக்கறப்ப லோக்கல் சரக்கா? ஒண்ணு விடாம தூக்குப்பா. ஒரிஜினலைப் போடு.”

ஒரிஜினல்

தினேஷ் அந்தச் சொல்லை மட்டும் அழித்தான். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அதே பெயரில்தான் இன்னொரு பட்டன் இருக்கிறதே. நிறமும் அளவும் அப்படியே. திரும்பி வந்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையைப் பொருத்த வேண்டும் என்றார் நாகராஜண்ணன். திரையில் விரலை வைத்தேன். இரும்பு அசையவில்லை. ஏன் என்று பார்க்க அவர் கையை உள்ளே விட்டார். நான் விரலை எடுத்தேன்.

சாதாரணப் பட்டன், விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்யும். இரும்பு இறங்கியது, நிற்கவில்லை. சுவரிலிருந்த சிவப்புக் குமிழை ஓங்கி அடித்தேன். டையின் நடுவில் கையுறை நசுங்கிக் கிடந்தது. அதன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“க்ளவுஸ்தான் சார். கை என்கிட்ட இருக்கு.”

இம்போர்ட்டட்

முன்னால் ஒட்டும் சொல் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் பட்டனையே திரும்பப் போட்டு, ‘லோக்கல்’ இருந்த இடத்தில் ‘இம்போர்ட்டட்’ என்று எழுதினேன். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டார். விரலை வைத்தேன், இறங்கியது. எடுத்தேன், நின்றது.

“பாத்தீங்களா? தரமான சாமான்னா எழுத்துலயே தெரியுது.”

நாகராஜண்ணன் ஒரு மரக்கட்டையைத் தேடி எடுத்துவந்து, டைக்கு நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு கையை உள்ளே விட்டார்.